வழங்கியுள்ள, வழங்கியற்ற கணினி வலையமைப்புகள்

கணினி வலையமைப்பு என்பது கோப்புகள், அச்சுப்பொறிகள், இணைய இணைப்பு போன்ற வளங்களைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கப்படும் அமைப்பு ஆகும். அலுவலகம், பள்ளி, வீடு போன்ற ஒரே இடத்திற்குள் அமையும் உள்ளிட வலையமைப்புகளை இரண்டு வகைகளில் நிறுவலாம். எல்லாக் கணினிகளும் சம நிலையில் இருந்து தத்தம் வளங்களைத் தாமே பகிரும் முறை வழங்கியற்ற வலையமைப்பு அல்லது சமநிலை வலையமைப்பு எனப்படுகின்றது. பயனர் கணக்குகளையும் கோப்புகளையும் ஒரு தனிக் கணினி பொறுப்பேற்றுப் பிற கணினிகளுக்கு வழங்கும் முறை வழங்கியுள்ள வலையமைப்பு எனப்படுகின்றது. பேச்சு வழக்கில் சர்வர் என்று குறிப்பிடப்படுவதே வழங்கி ஆகும். அதனிடமிருந்து சேவை பெறும் கணினி வாங்கி எனப்படும்.

இவ்விரு முறைகளிலும் வடங்கள், சுவிட்சுகள், முகவரிகள் ஆகியன பெரும்பாலும் ஒன்றே. யார் யார் பயனர்கள், எவருக்கு எந்தக் கோப்பைத் திறக்க அனுமதி உண்டு, கோப்பின் மூலப்படி எங்கே உள்ளது, அதன் காப்புநகலை எடுப்பவர் யார் என்ற நான்கு கேள்விகளுக்கான விடைகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதிலேயே இவை வேறுபடுகின்றன.

அடிப்படைக் கருத்து

வழங்கி என்பது முதன்மையாக ஒரு கணினி ஆற்றும் பங்கைக் குறிக்கும் சொல்லாகும். தன் அச்சுப்பொறியைப் பிறருக்குப் பகிரும் சாதாரண மேசைக்கணினியும் அச்சிடும் அந்த நேரத்தில் அச்சு வழங்கியாகவே செயற்படுகின்றது. அதே கணினி அடுத்த நொடியில் இன்னொரு கணினியில் உள்ள கோப்பைத் திறந்தால் அப்போது அது வாங்கி ஆகின்றது. சமநிலை வலையமைப்பில் ஒவ்வொரு கணினியும் இவ்வாறு இரு பங்குகளையும் மாறி மாறி ஏற்கின்றது.

வழங்கிக்கென்று விற்கப்படும் கணினிகளில் பிழை திருத்தும் நினைவகம், இரட்டை மின்வழங்கி, இயங்கும்போதே கழற்றி மாட்டக்கூடிய வன்தட்டுகள் ஆகியன இருக்கும். இவை இடைவிடாமல் இயங்குவதற்கு உதவுபவை. எனினும் இவை இல்லாத ஒரு சாதாரணக் கணினியும் உரிய மென்பொருளுடன் வழங்கியாகப் பணியாற்ற இயலும்.

வரலாறு

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் முதல் இணைப்பு 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்திற்கும் இடையே ஏற்படுத்தப்பட்டது. இதில் இணைந்த கணினிகள் பெரும்பாலும் சம நிலையிலேயே இருந்தன. ஆயினும் எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்ற பட்டியலை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் ஒரே கோப்பாகப் பேணி வந்தது. பிற கணினிகள் அதனைப் படியெடுத்துக் கொண்டன. கணினிகளின் எண்ணிக்கை பெருகியபோது படிகள் பழையனவாகிப் போவதும் பெயர்கள் மோதிக்கொள்வதும் சிக்கலாயின. இதற்குத் தீர்வாக 1983 ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறைமையை வடிவமைத்தார். ஒரு பட்டியலின் படிகளை ஒவ்வொரு கணினியிலும் வைத்திருப்பது சிறிய குழுவுக்குப் போதும், பெரிய குழுவுக்குப் போதாது என்பதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டாகும்.

உள்ளிட வலையமைப்புகளின் அடிப்படையான ஈதர்நெட், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் 1973 ஆம் ஆண்டு ராபர்ட் மெட்காஃப் முன்வைத்த கருத்திலிருந்து உருவானது. டேவிட் பாக்ஸ் அவருடன் இணைந்து அதனைச் செயற்படுத்தினார். தனிமேசைக் கணினிகள் பரவிய காலத்தில், 1983 ஆம் ஆண்டு நாவெல் நிறுவனம் வெளியிட்ட நெட்வேர், கோப்பு வழங்கியை மையமாகக் கொண்ட வலையமைப்பை அலுவலகங்களுக்குக் கொண்டுசென்றது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் யுனிக்ஸ் கணினிகளுக்காக 1984 ஆம் ஆண்டில் வலையமைப்புக் கோப்பு முறைமையை உருவாக்கியது.

1992 ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ், தனி வழங்கி ஏதுமின்றிக் கோப்புறைகளையும் அச்சுப்பொறிகளையும் பகிரும் வசதியை விண்டோஸ் பயனர்களுக்கு அளித்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த விண்டோஸ் என்டியின் வழங்கிப் பதிப்பு, பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் பேணும் டொமைன் முறையைக் கொண்டிருந்தது. 2000 ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 உடன் ஆக்டிவ் டைரக்டரி எனும் அடைவுச் சேவை அறிமுகமானது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சம்பா எனும் திறந்த மூல மென்பொருள், லினக்ஸ் மற்றும் யுனிக்ஸ் கணினிகள் விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்பு வழங்கியாக இயங்க வழிசெய்தது. 2012 டிசம்பரில் வெளிவந்த அதன் 4.0 பதிப்பு ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கட்டுப்படுத்தியாகவும் செயற்படும் திறன் பெற்றது.

வீடுகளுக்கென விண்டோஸ் 7 உடன் 2009 ஆம் ஆண்டில் வந்த ஹோம்குரூப் எனும் எளிய பகிர்வு முறை 2018 ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 இலிருந்து நீக்கப்பட்டது. வழக்கமான ஒர்க்குரூப் பகிர்வு முறை நீக்கப்படவில்லை.

இரண்டு முறைகளுக்கும் பொதுவானவை

வடங்களும் சுவிட்சும்

கம்பிவழி வலையமைப்பில் கணினிகள் யாவும் ஒரு சுவிட்சுடன் விண்மீன் வடிவில் இணைக்கப்படுகின்றன. இதற்கு நான்கு சோடி முறுக்கிய செப்புக் கம்பிகள் கொண்ட வடம் பயன்படுகின்றது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்திற்கு இவற்றில் இரண்டு சோடிகள் போதும்; 1 கிகாபிட் வேகத்திற்கு நான்கும் தேவை. எனவே ஒரு சோடி அறுந்த வடம் சில வேளைகளில் முழுமையாகச் செயலிழக்காமல் குறைந்த வேகத்தில் இயங்கக்கூடும். சுவிட்சிலிருந்து கணினி வரையிலான தொலைவு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. முன்பு பயன்பட்ட ஹப் எனும் கருவி வந்த தரவை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பியது. சுவிட்ச் அதனை உரிய கணினிக்கு மட்டும் அனுப்புகின்றது.

இரண்டே கணினிகளை இணைக்கச் சுவிட்சும் தேவையில்லை. முன்னர் இதற்கு முனைகளில் கம்பிகள் மாற்றிப் பொருத்தப்பட்ட குறுக்கு வடம் வேண்டியிருந்தது. கம்பிகளின் வரிசையைத் தாமே அறிந்துகொள்ளும் இன்றைய வலையமைப்பு அட்டைகளுக்குச் சாதாரண வடமே போதுமானது.

முகவரிகள்

ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரி தேவை. உள்ளிட வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட மூன்று முகவரித் தொகுதிகள் 1996 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டன. அவை 10 எனத் தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரை தொடங்குவன, 192.168 எனத் தொடங்குவன ஆகும். எடுத்துக்காட்டாக ஒரு சிறிய அலுவலகத்தில் 192.168.1.10, 192.168.1.11 என முகவரிகள் அமையலாம்.

முகவரிகளைக் கையால் இடலாம். அல்லது டிஎச்சிபி எனும் நெறிமுறை மூலம் தானாக வழங்கச் செய்யலாம். இணைய இணைப்புக்கான திசைவியில் பெரும்பாலும் டிஎச்சிபி சேவை உள்ளது. எனவே வழங்கியற்றது எனக் கூறப்படும் வீட்டு வலையமைப்பிலும் முகவரி வழங்கும் சிறிய வழங்கி ஒன்று திசைவிக்குள் இயங்கிக் கொண்டிருக்கும். டிஎச்சிபி கிடைக்காதபோது விண்டோஸ் போன்ற இயங்குதளங்கள் 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. முகவரி தானாகப் பெறுமாறு அமைக்கப்பட்ட ஒரு கணினியில் இத்தகைய முகவரி காணப்பட்டால், அது திசைவியையோ டிஎச்சிபி வழங்கியையோ எட்டவில்லை என்று பொருள்.

வழங்கியற்ற வலையமைப்பு

இம்முறையில் ஒவ்வொரு கணினியும் தனக்கெனப் பயனர் பட்டியலையும் கடவுச்சொற்களையும் வைத்திருக்கின்றது. விண்டோசில் இவ்வாறான கணினிகளின் தொகுதி ஒர்க்குரூப் எனப்படுகின்றது. ஒர்க்குரூப் என்பது வெறும் பெயரளவிலான தொகுப்பே. அதில் சேர்வதற்குக் கடவுச்சொல் ஏதும் தேவையில்லை.

அமைக்கும் முறை

1. கணினிகளைச் சுவிட்சுடனோ திசைவியுடனோ இணைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே தொகுதியில் முகவரி அமையுமாறு செய்தல்.
2. ஒவ்வொரு கணினிக்கும் தனித்த பெயரும் எல்லாவற்றுக்கும் ஒரே ஒர்க்குரூப் பெயரும் இடுதல்.
3. வலையமைப்பின் வகையைத் தனிப்பட்டது எனத் தேர்ந்தெடுத்தல். பொது எனத் தேர்ந்தெடுத்தால் தீச்சுவர் பகிர்வைத் தடுத்துவிடும்.
4. பகிரும் கணினியில், அணுக வேண்டிய ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லுடன் கூடிய பயனர் கணக்கு உருவாக்குதல்.
5. பகிர வேண்டிய கோப்புறையை மட்டும் பகிர்ந்து, படிக்க மட்டும் உரியவர் யார், மாற்ற உரியவர் யார் என அனுமதி அளித்தல். வன்தட்டு முழுவதையும் பகிர்தல் தவிர்க்கப்பட வேண்டும்.
6. கோப்புகளைப் பகிரும் கணினி தானாக உறக்கநிலைக்குச் செல்லாதவாறு மின்சேமிப்பு அமைப்புகளை மாற்றுதல்.

நன்மைகள்

தனி வன்பொருளோ வழங்கி இயங்குதளத்திற்கான உரிமமோ தேவைப்படாததால் செலவு குறைவு. சில மணி நேரத்தில் நிறுவிவிடலாம். ஒரு கணினி பழுதானால் அதன் வளங்கள் மட்டுமே கிடைக்காமற் போகும்; மற்றவை தொடர்ந்து இயங்கும்.

வரையறைகள்

கணக்குகளின் பெருக்கம் இம்முறையின் முதன்மையான வரையறை ஆகும். 5 கணினிகளும் 5 பயனர்களும் உள்ள இடத்தில் எல்லோரும் எல்லாக் கணினிகளையும் அணுக வேண்டுமெனில் 25 கணக்குகள் தேவை. 20 கணினிகளும் 20 பயனர்களும் எனில் 400 கணக்குகள் தேவை. ஒருவர் தம் கடவுச்சொல்லை மாற்றினால் அதனை 20 இடங்களில் மாற்ற வேண்டும். ஒருவர் பணியிலிருந்து விலகினால் அவரது கணக்கை 20 இடங்களில் நீக்க வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் அவ்வழி திறந்தே இருக்கும். இத்தொல்லையைத் தவிர்க்க எல்லோரும் ஒரே பெயரையும் கடவுச்சொல்லையும் பயன்படுத்தத் தொடங்குவதுண்டு. அதன் பின்னர் ஒரு கோப்பை அழித்தவர் யார் என்று அறிய வழியில்லாமற் போகின்றது.

விண்டோசின் மேசைக்கணினிப் பதிப்புகளில் ஒரே நேரத்தில் பகிர்வை அணுகும் கணினிகளின் எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியின் ஹோம் பதிப்பில் இது 5 ஆகவும் புரொபஷனல் பதிப்பில் 10 ஆகவும் இருந்தது. விண்டோஸ் 7 முதல் இது 20 ஆகும். லினக்சில் சம்பாவைப் பயன்படுத்துவோருக்கு இத்தகைய உரிம எல்லை இல்லை.

மேலும் ஒரே கோப்பின் பல படிகள் பல கணினிகளில் தேங்கி, எது இறுதியானது என்ற குழப்பம் ஏற்படலாம். காப்புநகல் எடுப்பது ஒவ்வொரு பயனரின் தனிப் பொறுப்பாகிவிடுவதால் நடைமுறையில் அது எவராலும் எடுக்கப்படாமற் போகக்கூடும்.

வழங்கியுள்ள வலையமைப்பு

இம்முறையில் பயனர் பட்டியல் ஓரிடத்தில் மட்டுமே உள்ளது. மேற்கூறிய 20 பயனர்களுக்கு 20 கணக்குகளே தேவை. பயனர் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அக்கணினி வழங்கியைக் கேட்டு அவரை உறுதிசெய்கின்றது. ஆக்டிவ் டைரக்டரியில் இவ்வுறுதிப்படுத்தல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கெர்பரோஸ் நெறிமுறையின்படி நடைபெறுகின்றது. இதில் கடவுச்சொல் வலையமைப்பில் அனுப்பப்படுவதில்லை. அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் செல்லுபடியாகும் நுழைவுச்சீட்டுகள் பயன்படுகின்றன. இதனால் கணினிகளின் கடிகாரங்கள் ஒத்திருத்தல் இன்றியமையாதது. 5 நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் இயல்பான அமைப்பில் உறுதிப்படுத்தல் தோல்வியுறும்.

வழங்கியின் வகைகள்

- கோப்பு வழங்கி: பொதுக் கோப்புகளை வைத்திருந்து அனுமதிக்கு ஏற்ப அளிக்கின்றது.
- அச்சு வழங்கி: அச்சுக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி அச்சுப்பொறிக்கு அனுப்புகின்றது.
- அடைவு வழங்கி: பயனர்கள், குழுக்கள், கணினிகள் பற்றிய விவரங்களைப் பேணுகின்றது. விண்டோசில் இது டொமைன் கட்டுப்படுத்தி எனப்படும்.
- டிஎச்சிபி வழங்கி: முகவரிகளைப் பகிர்ந்தளிக்கின்றது.
- களப்பெயர் வழங்கி: பெயர்களை முகவரிகளாக மாற்றித் தருகின்றது.
- தரவுத்தள வழங்கி: கணக்கு, சரக்கு இருப்பு, மாணவர் பதிவு போன்ற மென்பொருள்களின் தரவுகளைப் பேணுகின்றது.

இவற்றுள் பலவற்றை ஒரே கணினி ஆற்றலாம். எனினும் டொமைன் கட்டுப்படுத்தியில் வேறு மென்பொருள்களை நிறுவாதிருப்பதே நல்ல நடைமுறையாகக் கருதப்படுகின்றது.

அமைக்கும் முறை

1. வழங்கிக்கு மாறாத ஐபி முகவரி இடுதல். அம்முகவரி டிஎச்சிபி வழங்கும் எல்லைக்கு வெளியே இருத்தல் வேண்டும்.
2. வழங்கி இயங்குதளத்தை நிறுவி, கணினிப் பெயரை முடிவுசெய்து, பின்னரே அடைவுச் சேவையை நிறுவுதல்.
3. வாங்கிக் கணினிகள் யாவும் டொமைனின் களப்பெயர் வழங்கியையே பயன்படுத்துமாறு அமைத்தல். அவை திசைவியையோ இணையச் சேவை வழங்குநரையோ நேரடியாகக் கேட்குமானால் டொமைன் கட்டுப்படுத்தியைக் கண்டறிய இயலாது. புதிய கணினியை டொமைனில் சேர்க்க முடியாமைக்கு இது மிகப் பொதுவான காரணமாகும்.
4. பயனர்களையும் அவர்களின் பணிக்கேற்ற குழுக்களையும் உருவாக்குதல்.
5. கோப்புறை அனுமதிகளைத் தனி நபர்களுக்கு அளிக்காமல் குழுக்களுக்கு அளித்தல். ஒருவர் பணி மாறும்போது குழுவை மாற்றினாலே அனுமதிகள் யாவும் மாறிவிடும்.
6. கணினிகளை டொமைனில் சேர்த்தல். விண்டோசின் ஹோம் பதிப்புகளை இவ்வாறு சேர்க்க இயலாது.
7. மேலாளர் கணக்கை அன்றாடப் பணிக்குப் பயன்படுத்தாமல் தனியே வைத்தல்.
8. காப்புநகலை ஏற்பாடு செய்து, அதிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்த்தல்.

நன்மைகள்

கணக்கை முடக்குதல், கடவுச்சொல் விதிகளை வகுத்தல், இற்றைப்படுத்தல்களை அனுப்புதல் ஆகியவற்றை ஓரிடத்திலிருந்து செய்யலாம். காப்புநகல் எடுக்க வேண்டிய இடமும் ஒன்றே. யார், எப்போது, எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதைப் பதிவுசெய்யவும் இயலும்.

வரையறைகள்

வன்பொருள், உரிமம், மின்சாரம், பேணுபவரின் உழைப்பு எனச் செலவு கூடுகின்றது. மைக்ரோசாப்ட் வழங்கி இயங்குதளங்களின் வழக்கமான பதிப்புகளுக்கு, வழங்கியின் உரிமத்துடன் அதனை அணுகும் பயனர் அல்லது கருவி ஒவ்வொன்றிற்கும் தனி உரிமமும் தேவை. வழங்கி நின்றால் அதைச் சார்ந்த பணிகள் யாவும் நின்றுவிடும். இதனால் டொமைன் கட்டுப்படுத்திகள் குறைந்தது இரண்டு இருக்குமாறு அமைப்பது வழக்கம். வழங்கிக்கும் சுவிட்சுக்கும் தடையில்லா மின்வழங்கி அவசியம். சுவிட்சுக்கு மட்டும் மின்சாரம் நின்றாலும் வழங்கியை எவராலும் எட்ட இயலாது.

பாதுகாப்பு

2017 ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு தாக்குதல்கள் இரு முறைகளின் பலவீனங்களையும் காட்டுகின்றன.

அவ்வாண்டு மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை எனும் தீநிரல், விண்டோசின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் முதற்பதிப்பில் இருந்த வழுவைப் பயன்படுத்தியது. பயனர் எதையும் சொடுக்காமலே கணினியிலிருந்து கணினிக்குத் தாவிக் கோப்புகளைக் குறியாக்கிப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் தேசிய நலவாழ்வுச் சேவையின் மருத்துவமனைகள் பலவும் பாதிக்கப்பட்டன. இவ்வழுவுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாத கணினிகளே இதற்கு இரையாயின. ஒவ்வொரு கணினியையும் அதன் பயனரே இற்றைப்படுத்த வேண்டிய வழங்கியற்ற வலையமைப்பில், விடுபட்டது எது என்று அறிவது கடினம். எஸ்எம்பியின் முதற்பதிப்பு 2017 ஆம் ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 வெளியீடு முதல் இயல்பாக நிறுவப்படுவதில்லை. பழைய கருவி ஒன்றைப் பயன்படுத்துவதற்காக அதனை மீண்டும் இயக்குதல் தவிர்க்கப்பட வேண்டும்.

அதே ஆண்டு ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா எனும் தீநிரல், கணினிகளின் நினைவகத்திலிருந்து மேலாளர்களின் அடையாள விவரங்களைத் திருடி, அவற்றைக் கொண்டே டொமைனில் உள்ள பிற கணினிகளுக்குப் பரவியது. டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மாயர்ஸ்க் இதனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்நிறுவனத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 150 டொமைன் கட்டுப்படுத்திகள் இருந்தன. அவை ஒன்றோடொன்று ஒத்திசைந்து வந்தமையால், ஒன்று பழுதானாலும் மற்றவை காப்புநகலாக உதவும் எனக் கருதப்பட்டிருந்தது. தாக்குதலில் எல்லாம் ஒருங்கே அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் மின்தடையால் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததால் தப்பியது. அதிலிருந்த தரவைக் கொண்டே அடைவு மீண்டும் உருவாக்கப்பட்டது. 4,000 வழங்கிகளும் 45,000 கணினிகளும் 10 நாட்களில் மீண்டும் நிறுவப்பட்டதாக அந்நிறுவனத்தின் தலைவர் 2018 ஆம் ஆண்டில் தெரிவித்தார்.

அதிகாரத்தை ஓரிடத்தில் குவிப்பது நிர்வாகத்தை எளிதாக்குவது போலவே தாக்குபவரின் பணியையும் எளிதாக்கக்கூடும் என்பது இதிலிருந்து தெரிகின்றது.

காப்புநகல்

ஒரே தரவை இரண்டு வன்தட்டுகளில் எழுதும் ரெய்டு முறை ஒரு வன்தட்டின் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு இரண்டு வன்தட்டுகளிலும் ஒரே நேரத்தில் அழிந்துவிடும். தீநிரல் குறியாக்கிய கோப்பும் அவ்வாறே. ஆகவே ரெய்டு காப்புநகல் ஆகாது.

பரவலாகப் பின்பற்றப்படும் விதி 3-2-1 எனக் குறிக்கப்படுகின்றது. தரவுக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும்; அவை இரண்டு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும்; ஒன்றேனும் வேறு இடத்தில் இருக்க வேண்டும். இவற்றுள் ஒரு படியாவது வலையமைப்பிலிருந்து முற்றிலும் கழற்றி வைக்கப்பட வேண்டும் என்பதை மாயர்ஸ்க் நிகழ்வு உணர்த்துகின்றது. நான்கு கணினிகள் உள்ள அலுவலகத்தில் வாரந்தோறும் மாற்றி மாற்றி இணைக்கப்படும் இரண்டு புறவன்தட்டுகளே இதற்குப் போதுமானவை.

ஒப்பீடு

- பயனர் கணக்குகள்: வழங்கியற்றதில் ஒவ்வொரு கணினியிலும், வழங்கியுள்ளதில் ஓரிடத்தில்.
- தொடக்கச் செலவு: வழங்கியற்றதில் குறைவு, வழங்கியுள்ளதில் கூடுதல்.
- கணினிகள் பெருகும்போது பராமரிப்பு: வழங்கியற்றதில் விரைவாகக் கூடும், வழங்கியுள்ளதில் மெதுவாகக் கூடும்.
- ஒரு கணினி நின்றால்: வழங்கியற்றதில் அக்கணினியின் வளங்கள் மட்டும் கிடைக்கா, வழங்கியுள்ளதில், நின்றது வழங்கி எனில், பெரும்பாலான பணிகள் நிற்கும்.
- காப்புநகல்: வழங்கியற்றதில் பலரின் பொறுப்பு, வழங்கியுள்ளதில் ஒருவரின் பொறுப்பு.
- தேவையான அறிவு: வழங்கியற்றதில் அடிப்படை அறிவு போதும், வழங்கியுள்ளதில் பயிற்சி பெற்ற ஒருவர் தேவை.

தேர்ந்தெடுத்தல்

பத்துக் கணினிகள் வரை வழங்கி தேவையில்லை என்பது பொதுவாகக் கூறப்படும் அளவாகும். ஆயினும் எண்ணிக்கையை விடப் பயன்பாட்டின் தன்மையே முக்கியமானது.

நான்கு பேர் பணிபுரியும் கணக்கர் அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் தனி மேசையும் தனிக் கணினியும் உண்டு. பகிரப்படுவன அச்சுப்பொறியும் வாடிக்கையாளர் கோப்புகளும் மட்டுமே. இங்கு வழங்கியற்ற முறை பொருந்தும். எனினும் கோப்புகளை நான்கு கணினிகளிலும் சிதறவிடாமல் ஒன்றில் மட்டும் வைத்து, அதற்குக் காப்புநகல் எடுப்பது நன்று. பல பயனர்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளின் தரவு ஏற்கனவே ஒரு கணினியில் இருந்து மற்றவற்றால் திறக்கப்படுமானால், அந்த அலுவலகம் தான் அறியாமலேயே ஒரு வழங்கியைக் கொண்டுள்ளது என்பதை உணர வேண்டும். அக்கணினிக்கே தடையில்லா மின்வழங்கியும் காப்புநகலும் முதலில் தேவை.

பள்ளியின் கணினி ஆய்வுகூடத்தில் நிலைமை வேறு. அங்கு 20 கணினிகளை நூற்றுக்கணக்கான மாணவர்கள் மாறி மாறிப் பயன்படுத்துவர். இன்று ஓரிடத்தில் அமர்ந்த மாணவர் நாளை வேறிடத்தில் அமர்வார். அவரது கோப்பு நேற்றைய கணினியில் இருந்தால் அப்பணி வீணாகும், அல்லது பிறரால் அழிக்கப்படும். இங்கு லினக்சும் சம்பாவும் நிறுவப்பட்ட ஒரு சாதாரணக் கணினியேனும் வழங்கியாக அமைதல் மிகுந்த பயன் தரும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழிகளும் உள்ளன. வலையமைப்புச் சேமிப்பகம் எனப்படும் சிறிய கருவி, வன்தட்டுகளையும் கோப்பு வழங்கிக்கான மென்பொருளையும் ஒருங்கே கொண்டது. பயனர் கணக்குகளையும் அதிலேயே உருவாக்கலாம். மேகக் கணிமை முறையில் அடைவும் கோப்புகளும் வேறு நிறுவனத்தின் வழங்கிகளில் வைக்கப்படுகின்றன. இதில் அலுவலகத்திற்குள் வழங்கி இல்லாவிடினும் வலையமைப்பு வழங்கியைச் சார்ந்ததே ஆகும். இணைய இணைப்பு நின்றால் பணி நிற்கக்கூடும் என்பதும், சந்தா தொடர வேண்டும் என்பதும் கருத்தில் கொள்ள வேண்டியவை.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பினும், ஒருவர் விலகினால் அவரது அணுகலை எத்தனை இடங்களில் நீக்க வேண்டும், ஒரு வன்தட்டு இன்று பழுதானால் எந்த நாள் வரையிலான தரவு கிடைக்கும் என்ற இரண்டு வினாக்களுக்கு முன்கூட்டியே விடை தெரிந்திருத்தல் வேண்டும்.

இணைய அளவில்

இவ்வேறுபாடு உள்ளிட வலையமைப்புகளோடு நின்றுவிடுவதில்லை. 1999 ஆம் ஆண்டில் தொடங்கிய நாப்ஸ்டர் இசைப் பகிர்வுச் சேவையில் கோப்புகள் பயனர்களின் கணினிகளுக்கிடையே நேரடியாகப் பரிமாறப்பட்டன. ஆனால் எவரிடம் எது உள்ளது என்ற பட்டியல் நிறுவனத்தின் வழங்கிகளில் இருந்தது. நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து 2001 ஆம் ஆண்டில் அவ்வழங்கிகள் நிறுத்தப்பட்டபோது சேவை முழுவதும் நின்றது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த நூடெல்லாவில் மையப் பட்டியல் இல்லை. தேடல்கள் கணினியிலிருந்து கணினிக்குக் கடத்தப்பட்டன. இதனால் அதனை ஓரிடத்தில் நிறுத்த இயலவில்லை. ஆனால் தேடல் மெதுவாகவும் போக்குவரத்து மிகுந்தும் இருந்தது. 2001 ஆம் ஆண்டில் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டொரென்ட், பயனர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்ய மட்டும் ஒரு சிறிய வழங்கியை வைத்து, கோப்பின் துண்டுகளைப் பயனர்களுக்கிடையே பரிமாறச் செய்தது.

இவற்றையும் பார்க்கவும்

- ஈதர்நெட்
- ஐபி முகவரி
- களப்பெயர் முறைமை
- சம்பா
- காப்புநகல்